கேட்டவருக்கு வேலை: சாங்லியிலிருந்து புறப்பட்ட ஒரு சட்டத்தின் கதை

மகாராஷ்டிரத்தின் தெற்கு மூலையில், கர்நாடக எல்லையை ஒட்டி இருக்கிறது சாங்லி மாவட்டம். அதன் மேற்குப் பக்கம் சகியாத்திரி மலையடிவாரம். ஷிராளா, வாளவா பகுதிகளில் நல்ல மழை பெய்யும். கிருஷ்ணா, வாரணா ஆறுகள் ஓடுகின்றன. கரும்பும் சர்க்கரை ஆலைகளும் செழிக்கின்றன. கிழக்கே போகப் போக மழை குறைந்துகொண்டே வரும். கானாபூர், ஆட்பாடி, கவடே மகாங்கால், ஜத் என்று வரிசையாக வானம் பார்த்த பூமி. சோளமும் கம்பும்தான் அங்கே சாப்பாடு. மழை பொய்த்தால் ஆண்கள் பம்பாய் ஆலைகளுக்குப் போவார்கள், பெண்கள் கிடைத்த கூலிக்கு நிற்பார்கள். இந்த இரண்டு பக்கத்துக்கும் நடுவில் இருக்கிறது தாஸ்காவ் வட்டம். அதிலுள்ள விசாபூர்தான் வி.எஸ். பாகே என்ற விட்டல் சகாராம் பாகேயின் ஊர்.

இப்படிப்பட்ட ஒரு பகுதியிலிருந்து சட்டமன்றத்துக்குப் போகிற ஒருவர் வழக்கமாக என்ன செய்வார்? மானியக் கோரிக்கை விவாதத்தில் எழுந்து, எங்கள் பகுதிக்கு ஒரு பாலம் வேண்டும், ஒரு ஆரம்ப சுகாதார நிலையம் வேண்டும், ஏரியைத் தூர் வார வேண்டும் என்று கேட்பார். அமைச்சர் 'ஆவன செய்யப்படும்' என்பார். சில கிடைக்கும், சில கிடைக்காது. இந்த வேலையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஒரு பாலம் ஒரு ஊரின் தலையெழுத்தையே மாற்றியிருக்கிறது. ஆனால் பாகே செய்தது வேறு வகை. தன் வட்டத்துக்கு ஒரு திட்டம் கேட்பதோடு அவர் நிற்கவில்லை. அந்த வட்டத்தின் கூலிக்காரர் யாரையும் கெஞ்சாமல் வேலை கேட்கும்படி ஒரு விதியை உண்டாக்கினார். அந்த விதிக்கு மாநிலம் முழுவதும் காசு வந்து சேரும் வழியும் அமைந்தது. 1965லிருந்து 1979 வரை, முதல் கடிதத்துக்கும் மகாராஷ்டிர வேலை உறுதிச் சட்டம் நடைமுறைக்கு வந்ததற்கும் இடையில் பதினான்கு ஆண்டுகள். அந்தப் பயணத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்பது, இன்று நம் ஊர்களில் நூறு நாள் வேலைக்குப் போகிற ஒவ்வொருவருக்கும் செய்கிற மரியாதை என்றே நினைக்கிறேன்.

பேச முடியாத இடத்தில் இருந்தவர்

பாகே விடுதலைப் போராட்டத்தில் இருந்தவர், காந்தியர். 1960ல் மகாராஷ்டிரம் தனி மாநிலம் ஆனபோது அதன் மேலவைத் தலைவரானார். 1978 வரை அந்த ஆசனத்தில் இருந்தார். தமிழ்நாட்டில் 1986லேயே மேலவையைக் கலைத்துவிட்டதால் நம்மில் பலருக்கு அதன் நடைமுறை மறந்துபோயிருக்கும். மேலவையால் அரசைக் கவிழ்க்க முடியாது. பண மசோதாவை 14 நாள்தான் வைத்திருக்க முடியும். மற்ற மசோதாக்களைச் சில மாதம் தாமதப்படுத்தலாம், அவ்வளவுதான். அதிலும் தலைவர் ஆசனத்தில் உட்கார்ந்திருப்பவரின் கை இன்னும் கட்டுண்டது. அவர் விவாதத்தில் கட்சி கட்டிப் பேச முடியாது. ஓட்டுகள் சரிசமமாகப் பிரிந்தால் மட்டுமே அவருக்கு ஒரு ஓட்டு. தொகுதி மக்கள் நேரடியாக ஓட்டுப்போட்டு அனுப்பிய உறுப்பினரும் அல்ல அவர்.

ஆக, இவரிடம் கேள்வி நேரமும் இல்லை, கவன ஈர்ப்புத் தீர்மானமும் இல்லை, வெட்டுத் தீர்மானமும் இல்லை. இருந்தவை மூன்று: எல்லாக் கட்சிக்காரரிடமும் சம்பாதித்த மதிப்பு, முதல்வருக்கு நேரடியாக எழுதும் உரிமை, தன் ஊர்க் கூலிக்காரரைப் பற்றிய துல்லியமான அறிவு. 1965ல் அவர் முதல்வர் வசந்த்ராவ் நாயக்குக்குக் கடிதம் எழுதினார். கிராமத்தில் உடல் உழைப்புக்குத் தயாராக இருக்கிற எவருக்கும் அரசு வேலை தருவதாக உறுதி அளிக்க வேண்டும், அந்த உழைப்பைக் கொண்டு மண்ணையும் நீரையும் காக்க வேண்டும் என்பது அதன் சாரம். நாயக் அதைக் கோப்பில் போட்டு மூடவில்லை. ஒரு சிறு பகுதியில் செய்து பார்க்கலாம் என்று ஒத்துக்கொண்டார். அந்தப் பகுதி தாஸ்காவ் வட்டம்தான். ஒருங்கிணைந்த வட்டார மேம்பாட்டுத் திட்டத்தின் ஒரு பகுதியாக வேலை உறுதி அங்கே சோதிக்கப்பட்டது.

சொந்த ஊரைச் சோதனைக்களமாக வைத்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. வேலை எங்கே தேவை, எந்த ஓடையை மறித்தால் தண்ணீர் நிற்கும், எந்த மாதத்தில் கூலி வேலை வறண்டுபோகும் என்று தெரிந்த இடத்தில்தான் இப்படி ஒரு திட்டத்தை நம்பிக்கையோடு தொடங்க முடியும்.

பழைய நிவாரணம் எப்படி இருந்தது

பாகேயின் யோசனையில் என்ன புதுமை என்று புரிய, அதற்கு முன் இருந்ததைத் தெரிந்துகொள்ள வேண்டும். பஞ்சத்தில் மக்களுக்கு ரோடு போடும் வேலை, குளம் வெட்டும் வேலை கொடுப்பது வெள்ளைக்காரன் காலத்திலேயே இருந்தது. 1876–78 தாது வருடப் பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் அந்த வேலைக்கு என்ன கூலி கொடுத்தார்கள் என்பது நம் வரலாற்றின் கொடுமையான பக்கம். வெள்ளை அரசு அனுப்பிய பஞ்ச அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள் வந்து, கடும் உழைப்பு செய்கிற ஆணுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் சில்லறைக் காசும் போதும் என்று குறைத்தார். ஒரு பவுண்டு என்றால் அரைக் கிலோகூட இல்லை. சென்னையின் சுகாதார ஆணையர் கார்னிஷ் அதை எதிர்த்துப் போராடினார். அந்தப் பஞ்சத்துக்குப் பிறகு வந்த பஞ்ச விதிகள் நிலைமையை ஓரளவு ஒழுங்குபடுத்தின. ஆனாலும் அடிப்படை மாறவில்லை. பஞ்சம் வந்துவிட்டது என்று அரசு அறிவிக்க வேண்டும். அறிவித்த பிறகே வேலை திறக்கும். எப்போது திறப்பது, எப்போது மூடுவது, எவ்வளவு கொடுப்பது எல்லாம் அரசின் இஷ்டம். விடுதலைக்குப் பிறகும் இந்த அச்சில்தான் நிவாரணம் ஓடியது.

பாகே இதைத் தலைகீழாகத் திருப்பினார். வேலை தேவையா இல்லையா என்பதை வேலை கேட்கிறவர் தீர்மானிக்கட்டும். பட்டினி எப்போது தொடங்கியது என்பது கலெக்டரைவிட அந்த வீட்டு அடுப்புக்குத்தானே முதலில் தெரியும்? கொளுத்தும் வெயிலில் மண் வெட்டுவதற்குத் தேவையில்லாதவர் யாரும் வந்து நிற்க மாட்டார். அதனால் பயனாளிப் பட்டியல் தயாரிக்க வேண்டியதில்லை, வறுமைக்கோட்டுக்குக் கீழே என்று சான்றிதழ் வாங்க வேண்டியதில்லை, தலையாரியின் தயவும் வேண்டாம். கேட்டவருக்கு வேலை என்பதே பின்னாளில் அந்தத் திட்டத்தின் முழக்கமாக மராத்தி கிராமங்களில் பரவியது.

1972

1972 மே மாதம் நாயக் அரசு கிராம வளர்ச்சிக்கான 15 அம்சத் திட்டத்தை அறிவித்தபோது வேலை உறுதியும் அதில் ஒன்றாக இடம்பெற்றது. அது வேர்விடுவதற்குள் வறட்சி முற்றியது. ஏற்கனவே அடுத்தடுத்து மழை குறைந்திருந்த மாநிலத்தில் 1972ல் பெரும் பகுதியில் பயிரே இல்லாமல் போயிற்று. கிணறுகள் வற்றின, மாடுகளைக் கைவிட்டார்கள், குடும்பம் குடும்பமாக நகரத்துக்கு நடந்தார்கள். நிவாரணப் பணிகள் மற்ற எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டன. 1973 மே மாதத்தில் அந்தப் பணியிடங்களில் இருந்தவர்கள் ஏறத்தாழ 50 லட்சம் பேர். 1971 கணக்கெடுப்பின்படி மாநிலத்தின் மக்கள்தொகையே 5 கோடியைச் சற்றுத் தாண்டியதுதான். பத்தில் ஒருவர் கையில் மண்வெட்டியோ சுத்தியலோ இருந்த கோடை அது.

அவ்வளவு பேருக்கு அவ்வளவு அவசரமாக வேலை கொடுக்க வேண்டியிருந்ததால், பல இடங்களில் செய்தது கல் உடைப்பதுதான். பாறையை உடைத்து ஜல்லியாக்கிக் குவித்தார்கள். கூலி கிடைத்தது, உயிர் பிழைத்தது. ஆனால் ஜல்லிக் குவியலால் அடுத்த வறட்சியைத் தடுக்க முடியாது. தாஸ்காவில் பாகே கேட்டது கசிவுநீர்க் குட்டை, சம உயர வரப்பு, ஓடைத் தடுப்பு போன்ற, நிலத்தில் நின்று பலன் தரும் வேலைகளை. இந்த வேறுபாடு பின்னாளில் அவருடைய மாவட்டத்திலேயே பெரிய போராட்டமாக வெடித்தது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அந்த வறட்சி இன்னொன்றையும் செய்தது. கிராமத்துப் பசி பம்பாய் நகரத்தின் நடைபாதைக்கே வந்து படுத்தது. நகரத்து உறுப்பினர்களுக்கும் இது வேறு யாருடைய பிரச்சினையோ அல்ல என்று ஆனது.

காசு எங்கிருந்து வரும்?

இந்த நிகழ்வில் நான் அதிகம் வியப்பது இந்தப் பகுதியைத்தான். உரிமை என்று எழுதுவது எளிது. நிதித்துறை கேட்கிற ஒரே கேள்வி, எத்தனை பேர் வருவார்கள் என்பதுதான். வேலை உறுதி என்றால் அதற்கு நேர்மையான பதில், 'தெரியாது, வருகிற அத்தனை பேருக்கும்' என்பது. மேல் வரம்பு இல்லாத செலவுக்கு எந்த நிதிச் செயலரும் சம்மதிக்க மாட்டார். சம்மதித்தாலும், அடுத்த ஆண்டு வரவு குறைந்தால் முதலில் வெட்டப்படுவது இதுவாகத்தான் இருக்கும்.

இதற்கு மகாராஷ்டிர சட்டமன்றம் கண்ட வழி, இந்த ஒரு செலவுக்கென்றே தனி வரிகள். 1975ல் தொழில் வரிச் சட்டம் வந்தது. மாதச் சம்பளக்காரர், வக்கீல், டாக்டர், வியாபாரி என்று தொழில் செய்து சம்பாதிக்கிற எல்லோரும் கட்ட வேண்டும். அரசமைப்புச் சட்டத்தின் 276ஆவது பிரிவு அப்போது ஒரு நபருக்கு ஆண்டுக்கு 250 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்று கட்டுப்படுத்தியிருந்தது. 1988ல்தான் அது 2,500 ஆனது. தலைக்குச் சிறு தொகை; ஆனால் பம்பாயில் எத்தனை லட்சம் சம்பளக்காரர்கள்! வேலை உறுதிக்காகத் திரட்டிய பணத்தில் பெரும் பங்கு இந்தத் தொழில் வரிதான். தமிழ்நாட்டில் தொழில் வரியை உள்ளாட்சி அமைப்புகள் வாங்குகின்றன. மும்பையில் வேலை பார்த்த நம் மாதுங்கா, தாராவி தமிழர்களின் சம்பளச் சீட்டில் மாதாமாதம் பிடித்ததோ மாநில அரசின் வரி. அது எதற்காகத் தொடங்கியது என்று அவர்களில் பலருக்கும் தெரிந்திருக்காது. விதர்பாவிலோ மராட்டவாடாவிலோ வரப்பு போட்ட ஒரு பெண்ணின் கூலியில் அவர்கள் காசும் இருந்தது.

தொழில் வரி மட்டும் அல்ல. மோட்டார் வாகன வரி, விற்பனை வரி, நிலவரி ஆகியவற்றின் மேல் கூடுதல் வரி. நகரங்களில் குடியிருப்பு அல்லாத சொத்துகளுக்கு வரி. பாசன வசதி உள்ள நிலங்களுக்குத் தனி வரி. கடைசியாகச் சொன்னதைக் கவனிக்க வேண்டும். சாங்லியின் மேற்கே கிருஷ்ணா தண்ணீரில் கரும்பு போட்டவரும், கிழக்கே மழை பார்த்துக் கிடந்தவரின் வேலைக்குப் பங்கு கொடுத்தார். இப்படிச் சேரும் தொகைக்குச் சமமாக இன்னொரு பங்கை அரசு தன் பொது வருவாயிலிருந்து போட வேண்டும். எல்லாம் சேர்ந்து வேலை உறுதி நிதி.

நகரத்தார் ஏன் ஒத்துக்கொண்டார்கள்? 1972ஐக் கண்ணால் பார்த்திருந்தார்கள். பெரிய விவசாயிகள் ஏன் ஒத்துக்கொண்டார்கள்? கிணறும் ரோடும் வரப்பும் குட்டையும் கடைசியில் நிலம் உள்ளவருக்குத்தான் அதிகம் பயன்படும். அதோடு கூலி விகிதம் வயல் கூலியைத் தாண்டாதபடியும், அறுவடைக் காலத்தில் ஆள் கிடைக்காமல் போகாதபடியும் பார்த்துக்கொள்ளலாம் என்ற கணக்கு இருந்தது. இடதுசாரிகளுக்கு வேலை உரிமை என்பது கொள்கை. ஆளும் காங்கிரஸுக்குக் கிராமத்து ஓட்டு. ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் இருந்தது, எல்லாக் காரணமும் உயர்ந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் பல திசைக்காரரையும் ஒரே மசோதாவுக்குக் கை தூக்க வைப்பதுதான் சட்டமன்ற வேலையின் உண்மையான கடினம். அது இங்கே நடந்தது.

1977: சட்டத்தில் என்ன எழுதினார்கள்

1977ல் நெருக்கடி நிலை முடிந்து, நாட்டின் அரசியலே குலுங்கிக்கொண்டிருந்தது. அந்த ஆண்டு மே மாதம் மகாராஷ்டிரத்தில் முதல்வரானவர் வசந்ததாதா பாட்டீல், அவரும் சாங்லிக்காரர். அவ்வாண்டில் மகாராஷ்டிர வேலை உறுதிச் சட்டம் இரண்டு அவைகளிலும் ஒருமனதாக நிறைவேறியது. பாகே அப்போதும் மேலவைத் தலைவர். தான் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் கடிதமாக எழுதியதை, மசோதாவாகத் தன் முன்னாலேயே வைத்து 'ஏற்பவர்கள் ஆம் என்க' என்று கேட்கும் இடத்தில் இருந்தார். 1978ல் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்தது. 1979 ஜனவரி 26 அன்று சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதற்குள் ஆட்சி மாறி சரத் பவார் முதல்வராக இருந்தார். ஆட்சி மாறியும் சட்டத்தை யாரும் கிடப்பில் போடவில்லை.

சட்டத்தின் உள்ளே போனால், எழுதியவர்கள் கிராமத்தை அறிந்தவர்கள் என்று தெரியும். கிராமப்புறத்தில் உள்ள வயது வந்த எவரும், திறன் தேவைப்படாத உடல் உழைப்புக்குத் தயார் என்று பெயர் பதிந்து வேலை கேட்கலாம். ஆண்டுக்கு இத்தனை நாள்தான் என்ற வரம்பு கிடையாது. வீட்டுக்கு ஒருவர் என்றும் கிடையாது. கணவன் கேட்டாலும் மனைவி தனியாகக் கேட்கலாம். கேட்ட 15 நாளுக்குள் வேலை தர வேண்டும். தராவிட்டால் நாளொன்றுக்கு ஒரு ரூபாய்க்குக் குறையாமல் வேலையில்லாப் படி கொடுக்க வேண்டும். பொறுப்பு கலெக்டருடையது.

வேலை பயன் தருகிற வேலையாக இருக்க வேண்டும் என்பதையும் சட்டமே சொன்னது. செலவில் குறைந்தது 60 சதவீதம் கூலியாகப் போக வேண்டும், 40க்கு மேல் பொருட்களுக்குப் போகக் கூடாது. கான்ட்ராக்டர் கிடையாது. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே விகிதம். பணியிடத்தில் குடிதண்ணீர், நிழல், முதலுதவி, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஏற்பாடு. கூலி, செய்த வேலையை அளந்து கொடுப்பது. ஒருவர் ஏழு மணி நேரம் ஒழுங்காக உழைத்தால் குறைந்தபட்சக் கூலி கிடைக்கும்படி அந்த அளவை வைக்க வேண்டும்.

அந்த ஒரு ரூபாய் படியைப் பார்த்துச் சிலர் இது என்ன பிச்சைக்காசு என்று நினைக்கலாம். எனக்கு அது சட்டத்தின் உயிர்நாடியாகப் படுகிறது. அது இல்லாவிட்டால் 'வேலை தர வேண்டும்' என்பது வெறும் நல்வாக்கு. அது இருப்பதால், வேலை தராமல் போனது அரசின் கடன் ஆகிறது, கூலிக்காரர் கோர்ட்டுக்குப் போக ஒரு பிடி கிடைக்கிறது. அரசமைப்புச் சட்டத்தின் 41ஆவது பிரிவு வேலை உரிமையைப் பற்றிச் சொல்கிறதே தவிர, அதை வைத்து யாரும் வழக்குப் போட முடியாது. ஒரு மாநிலச் சட்டமன்றம் அந்த வாசகத்தை வழக்குப் போடக்கூடியதாக மாற்றியது.

இரண்டு அவை உறுப்பினர்களும் அடங்கிய வேலை உறுதித் திட்டக் குழு ஒன்றும் சட்டமன்றத்தில் அமைந்தது. மாவட்டங்களுக்குப் போய்ப் பணியிடங்களைப் பார்த்து, அதிகாரிகளைக் கூப்பிட்டு விசாரித்து, அவைக்கு அறிக்கை கொடுப்பது அதன் வேலை. ஒரு திட்டத்துக்கென்றே சட்டமன்றம் தனிக் கண் வைத்துக்கொள்வது நம் மாநிலங்களில் அரிது.

களத்தில்

முதல் ஆண்டுகளில் மக்கள் குவிந்தார்கள். 1979–80ல் சுமார் 20 கோடி மனித நாள் (ஒருவர் ஒரு நாள் செய்வது ஒரு மனித நாள்) வேலை நடந்தது. வந்தவர்களில் பெண்கள் பாதியை நெருங்கினார்கள். வயலில் ஆணைவிடக் குறைந்த கூலி வாங்கிப் பழகியவர்களுக்கு இங்கே சம அளவுக்குச் சம கூலி. மகாராஷ்டிரத்தில் 1980களில் வறட்சி மீண்டும் வந்தது, ஆனால் 1972 போல மக்கள் சாரி சாரியாக ஊரைவிட்டு ஓடவில்லை என்பதற்கு இந்தச் சட்டமும் ஒரு காரணம்.

இன்னொரு விளைவு சட்டம் எழுதியவர்கள் எவ்வளவு எதிர்பார்த்தார்களோ தெரியாது. உரிமை என்று ஆனதும் கூலிக்காரர்கள் ஒன்றுசேர்ந்தார்கள். நிலம் வேறு வேறு முதலாளியிடம் இருக்கும்போது தனித்தனியாகக் கூலி பேசியவர்கள், ஒரே பணியிடத்தில் ஐம்பது, நூறு பேராக நின்றபோது சங்கமானார்கள். சாங்லி மாவட்டத்திலேயே, தாஸ்காவுக்குப் பக்கத்திலுள்ள கானாபூர் வட்டத்தில் இது நடந்தது. 1982ல் பம்பாய் மில் வேலைநிறுத்தம் தொடங்கியதும் ஊர் திரும்பிய தொழிலாளர்கள், வேலை உறுதிப் பணியிடத்தில் கல் உடைத்தவர்களோடு சேர்ந்தார்கள். முக்தி சங்கர்ஷ் இயக்கம் உருவானது. கூலியை உயர்த்து என்று தொடங்கியவர்கள், ஏன் ஆண்டாண்டாகக் கல்லையே உடைக்கிறோம், வறட்சியையே ஒழிக்கிற வேலை கொடு என்று கேட்டார்கள். யேரளா ஆற்றின் குறுக்கே பளிராஜா அணையை மக்களே முன்னின்று கட்டினார்கள். அதன் தண்ணீரை, நிலம் இல்லாதவர் உட்பட எல்லோருக்கும் சமமாகப் பங்கிட வேண்டும் என்று வாதாடினார்கள். பாகே 1965ல் கேட்ட பயன் தரும் வேலையை, இருபது ஆண்டு கழித்து அவர் மாவட்டத்துக் கூலிக்காரர்கள் அரசிடம் திரும்பக் கேட்டார்கள்.

சரி, குறைகள்? நிறைய. வேலையில்லாப் படி ஏட்டில் இருந்தது, கையில் வந்தது மிக அபூர்வம். விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டு தேதி போட்ட ரசீது தராமல் விட்டால் 15 நாள் கணக்கே தொடங்காது. அந்தத் தந்திரம் எங்கும் இருந்தது. ஒரு பணியைத் திறக்கக் குறைந்தது ஐம்பது பேர் வேண்டும் என்ற விதியால் சிறு குடியிருப்புகள் தவித்தன. மஸ்டர் ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் பெயர் மட்டும் இருக்க, இல்லாத ஆட்கள் கூலி வாங்கினார்கள். எந்த ஊரில் பணி திறப்பது என்பதில் செல்வாக்குள்ள உறுப்பினர்களின் கை நீண்டது. யாருடைய தயவும் வேண்டாம் என்று எழுதிய சட்டத்துக்குள் தயவு பின்வாசல் வழியாக நுழைந்தது. சட்டம் போட்டவர்களே செய்த தவறு இது, கடுமையாகத்தான் சொல்ல வேண்டும்.

1988ல் மாநிலத்தின் குறைந்தபட்ச விவசாயக் கூலி ஏறத்தாழ இரட்டிப்பானது. வேலை உறுதிக் கூலியும் அதோடு உயர்ந்தாக வேண்டும். கூலிக்காரருக்கு நல்ல செய்தி. ஆனால் அதற்குப் பிறகு புதிய பணிகளைத் திறப்பதில் நிர்வாகம் கையைச் சுருக்கிக்கொண்டது. 1979–80ல் 20 கோடியாக இருந்த மனித நாட்கள், பத்தாண்டு கழித்துப் பாதிக்கும் கீழே போயின. தேவை குறைந்ததா, தருவது குறைந்ததா என்று பொருளாதார அறிஞர்கள் ஆராய்ந்தார்கள். கேட்டவர் எல்லோருக்கும் கிடைக்கவில்லை என்பதே பலரின் முடிவு. 1990ல் தோட்டப்பயிர்த் திட்டத்தை வேலை உறுதியோடு இணைத்தார்கள். தனியார் நிலத்தில் பழமரம் வைக்க மானியம். மாமரமும் மாதுளையும் வளர்ந்தன, பயன் பெரும்பாலும் நிலம் உள்ளவருக்குப் போனது. வரியோ நிற்காமல் வசூலானது. வேலைக்கென்று திரட்டிய பணத்தில் பெரும் தொகை செலவாகாமல் தேங்கிய ஆண்டுகளும் உண்டு. பாகே 1990ல் காலமானார்.

தாஸ்காவிலிருந்து விழுப்புரம் வரை

2005ல் நாடாளுமன்றம் தேசிய ஊரக வேலை உறுதிச் சட்டத்தை நிறைவேற்றியபோது, எடுத்துக்கொள்ள அவர்களுக்கு ஒரு மாதிரி கையில் இருந்தது. 15 நாளுக்குள் வேலை, இல்லையென்றால் படி, 60:40 விகிதம், கான்ட்ராக்டருக்குத் தடை, பணியிடத்தில் தண்ணீரும் நிழலும் குழந்தைக் காப்பும், எல்லாம் மகாராஷ்டிரம் முப்பது ஆண்டு நடத்திப் பார்த்தவை. சொந்த வேலை உறுதிச் சட்டம் வைத்திருக்கும் மாநிலம் அதைத் தொடரவும் அந்தச் சட்டம் இடம் கொடுத்தது. 2006 பிப்ரவரி 2 அன்று ஆந்திரத்தின் அனந்தபூர் மாவட்டத்தில் தொடங்கிய அந்தத் திட்டம், முதல் கட்டமாக நாட்டின் 200 மாவட்டங்களில் வந்தது. தமிழ்நாட்டில் கடலூர், விழுப்புரம், திருவண்ணாமலை, நாகப்பட்டினம், திண்டுக்கல், சிவகங்கை ஆகிய ஆறு மாவட்டங்கள். நம் ஊர்களில் ஏரி வேலை என்றும் நூறு நாள் வேலை என்றும் அதற்குப் பெயர் நிலைத்தது. வேலைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

டெல்லிக்குப் போகும் வழியில் சில முக்கியமானவை உதிர்ந்தன. மகாராஷ்டிரத்தில் வரம்பில்லாமல் இருந்தது, வீட்டுக்கு 100 நாள் என்று ஆனது. தனி ஆளின் உரிமை குடும்பத்தின் உரிமையானது. வேலையில்லாப் படியை மாநில அரசு கொடுக்க வேண்டும், கூலியை மத்திய அரசு கொடுக்க வேண்டும் என்று பிரித்தார்கள். எல்லாவற்றையும்விடப் பெரிய இழப்பு, இதற்கென்றே வரி என்ற ஏற்பாடு. தேசியச் சட்டத்தில் கூலிக்கான பணம் ஒவ்வொரு ஆண்டும் பட்ஜெட்டில் ஒதுக்கப்பட்டு வந்தது. ஒதுக்கியது தீர்ந்தால் கூலி நிலுவையில் நின்றது. 2025 ஜனவரியில் தமிழ்நாட்டுத் தொழிலாளர்களுக்கு 1,056 கோடி ரூபாய் கூலி பாக்கி இருக்கிறது, உடனே விடுவியுங்கள் என்று தமிழக முதல்வர் பிரதமருக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. பொங்கலுக்கு முன் கையில் வர வேண்டிய கூலி அது.

2025 டிசம்பரில் அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வேறொரு சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. நாட்கள் 125 ஆகக் கூடின. அதே சமயம் பெரும்பாலான மாநிலங்கள் செலவில் 40 சதவீதத்தை ஏற்க வேண்டும், விதைப்பு அறுவடைக் காலத்தில் ஆண்டுக்கு 60 நாள் வரை பணிகளை நிறுத்தி வைக்கலாம், ஒரு மாநிலத்துக்கு இவ்வளவுதான் என்று மத்திய அரசு முன்கூட்டியே ஒதுக்கீடு தீர்மானிக்கும். 1970களில் மகாராஷ்டிரத்தின் பெரிய விவசாயிகளும் நிதித்துறையும் எழுப்பிய அதே இரண்டு கவலைகள், ஆள் கிடைக்காமல் போகுமோ, செலவு எல்லை மீறுமோ என்பவை, இந்த முறை சட்டத்தின் உள்ளேயே இடம் பிடித்துவிட்டன. இனி 40 சதவீதத்தை எங்கிருந்து கொண்டுவருவது என்ற கேள்வி நம் சட்டமன்றத்தின் பட்ஜெட் கூட்டத்துக்கு வரும். 1975ல் பம்பாயில் அதே கேள்விக்கு உறுப்பினர்கள் வரி வரியாக எழுதிய பதில் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. கிழக்குச் சாங்லி போலவே மழை மறைவில் கிடக்கும் நம் தொகுதிகளின் உறுப்பினர்கள் கூட்டத்தொடருக்கு முன் அதை எடுத்துப் படிக்க வேண்டும்.